மயில்கழுத்துப் புடவையும் ராகுகாலமும்

விரித்திருந்த வெள்ளை மெத்தைமேல் இன்னொரு புடவை வந்து விழுந்தது. எத்தனையாவது என்று எண்ணுவதைப் பொற்கொடி எப்போதோ விட்டுவிட்டாள். பச்சை, அப்புறம் அந்தப் பச்சைக்கு அக்கா மாதிரி ஒரு பச்சை, அப்புறம் உலகத்தில் எந்தப் பூவும் பூக்காத ஒரு ரோஸ். திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அந்த ஜவுளிக்கடை, மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு, வெள்ளிக்கிழமை காலை. ஏசி ஓடியும் பின்கழுத்து வேர்க்கிறது, ஏன் வேர்க்காது, நாலு பக்கமும் கல்யாணப் பெண்கள், ஒவ்வொருத்தியைச் சுற்றியும் ஒரு பஞ்சாயத்து. இன்றைக்கு இவளுக்கு முகூர்த்தப்பட்டு எடுக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும், அது முறை. பெண்ணைக் கூட்டி வந்து உட்கார வைத்துக் கேட்க வேண்டும், அது இப்போது வந்த முறை. கேட்டுவிட்டு அவரவர் இஷ்டத்துக்கு எடுக்க வேண்டும், அது எப்போதும் உள்ள முறை. "உனக்குப் பிடிச்சத எடும்மா, நீதானே கட்டப்போற" என்று வருங்கால மாமியார் லோகாம்பாள் வந்து உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள். லோகாம்பாளின் நாத்தனார் சௌந்தரமும் அதையேதான் சொன்னாள், சொல்லிக்கொண்டே மூன்று புடவையை அந்தப் பக்கம் தள்ளினாள். அம்மா தனபாக்கியம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பொற்கொடியின் தொடையில் லேசாகக் கிள்ளினாள். பிடித்தது என்று எதையும் சொல்லித் தொலைக்காதே என்று அதற்கு அர்த்தம். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முகூர்த்தப்பட்டை முடிவு பண்ணி ஓரமாக வைத்துவிட்டால் மற்றதெல்லாம் மெதுவாக எடுத்துக்கொள்ளலாம். பொற்கொடிக்கு வேண்டியது பெரிய விஷயமில்லை. கல்யாணத்தன்றும் கட்டுகிற மாதிரி ஒரு புடவை, அதற்கு அப்புறமும் கட்டுகிற மாதிரி. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதுதான் சங்கடம், ஏனென்றால் சொன்னால் கல்யாணமே நின்றுவிடலாம், ஏற்கெனவே ஒன்று நின்றிருக்கிறது.

அது புதுக்கோட்டைச் சம்பந்தம். ரெண்டு வருஷம் இருக்கும். பூ வைக்க வந்தவர்கள் ஒரு புடவை கொண்டுவந்தார்கள், வெங்காயக் கலரில், உடம்பெல்லாம் கல், கல்லுக்கு நடுவே கண்ணாடி, கண்ணாடிக்கு நடுவே இன்னும் ஏதோ. கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எப்படி இருக்கு அண்ணி புடவை என்று ஆசையாகக் கேட்டாள். நல்லாத்தான் இருக்கு, உக்காந்தாத்தான் குத்துது என்றாள் பொற்கொடி. எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், சிரித்த வாயோடு கேசரி சாப்பிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை அவர்களோடு வேனில் ஏறியது. கீரனூர் தாண்டுவதற்குள் அது பெரிசாகி, புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது கொடுத்த புடவையே குத்துதுங்கிறா, நாளைக்குக் குடும்பம் குத்தாதா என்று ஆகிவிட்டிருந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. அந்தப் பையனின் முகம்கூட இப்போது சரியாக ஞாபகமில்லை, மீசை இருந்ததா இல்லையா, இருந்தது, இல்லை, அது தரகரின் மீசை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அழுதது நன்றாக ஞாபகமிருக்கிறது. அவனுக்காக அழவில்லை. ஒரு பேச்சுக்கு இவ்வளவு கனம் இருக்குமென்றால் இனி எதைத்தான் பேசுவது என்று பயந்து அழுதாள். அம்மாவுக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. இன்று காலையில் தலை பின்னும்போது, ஜடையைக் கையில் பிடித்துக்கொண்டே, புடவையப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு என்றாள். ஜடை அவள் கையில், என்ன செய்வது, சத்தியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறாள்.

"இது பாருங்கம்மா, புது டிசைன்" என்று சேல்ஸ்மேன் ஒரு மாம்பழக் கலரை உதறினார். காற்று முகத்தில் அடித்தது. புதுப்பட்டுக்கு ஒரு வாசனை உண்டு, கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் மழைக்கால ஈரம். அந்த வாசனைக்குத்தான் பீரோவைக் கொட்டிக் கவிழ்த்தது நினைவு வருகிறது. புதுக்கோட்டைக்காரர்கள் போன பிறகு ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை, செய்ய ஒன்றுமில்லாமல், மனசும் சரியில்லாமல், பீரோவில் இருந்த அத்தனையையும் கட்டில்மேல் போட்டாள். கட்டில் தெரியவில்லை. இவ்வளவு துணி வைத்துக்கொண்டா தினமும் காலையில் போட்டுக்க ஒண்ணுமில்ல என்று மூக்கால் அழுதோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. பாதிக்குமேல் ஒரே ஒருதரம் கட்டியது. சிலது யாரோ கொடுத்தது, சிலது தள்ளுபடியில் சிரித்தது, சிலது இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்தது, அந்த இளைப்பு வரவேயில்லை. கட்டட இன்ஜினியர் வேலை, சைட்டுக்கும் போக வேண்டும், ஆபீஸ் மீட்டிங்கிலும் உட்கார வேண்டும், கோயிலுக்கும் போக வேண்டும். உட்கார்ந்து யோசித்து ரெண்டு டஜன் துணியை மட்டும் எடுத்து வைத்தாள். சாயம் போகாத கைத்தறிப் புடவை, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிற பருத்திச் சட்டை, எதோடும் ஒத்துப்போகிற சாம்பலும் நீலமும் அரக்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கேட்டவர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் போயிற்று. அதிலிருந்து ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும், பட்டன் போனால் தைக்க வேண்டும், கிழிந்தால் ஒட்டுப் போட வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. இதற்கு கேப்ஸ்யூல் வார்ட்ரோப் என்று பேர் இருக்கிறது என்பதே பிறகுதான் யாரோ சொல்லித் தெரிந்தது. பேரைக் கேட்டு அம்மா, என்ன பேரோ, மாத்திரை மாதிரி இருக்கு என்றாள். காலியான தட்டுகளைப் பார்க்க அம்மாவால் முடியவில்லை. ஒரு மாதத்துக்குள் குக்கர் வந்த அட்டைப்பெட்டி, ரெண்டு சில்வர் குடம், அப்பளக்கட்டு எல்லாம் பீரோவுக்குக் குடிவந்துவிட்டன. ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஒருத்தி, எனக்கு டைட்டா இருக்கு நீ போட்டுக்க என்று ஒரு சுடிதாரைக் கொண்டுவந்து கையில் திணித்தாள், கண்ணில் அவ்வளவு இரக்கம். பொற்கொடிக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. ஏனென்றால் அவள் அந்த ரெண்டு டஜனோடு சந்தோஷமாக இருந்தாள். காலையில் பீரோவைத் திறந்தால் எது கையில் வந்தாலும் பிடித்த துணிதான், பிடிக்காததே உள்ளே இல்லை. இந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவும் முடியாது, துணி குறைந்ததில் என்ன சந்தோஷம் என்று கேட்பார்கள்.

எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வாள். இதை ஒரு செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டு போவோமா. வெள்ளிக்குக் கோயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கு விசேஷம் இருக்கிறது, திங்களுக்குக்கூட ஒரு முறைப்பு உண்டு, செவ்வாய்க்கு ஒன்றுமே இல்லை, வெயிலும் வேலையும்தான். அன்றைக்கும் போடத் தோன்றுகிற துணிதான் துணி. சிவநேசன்கூட அப்படித்தான், என்று நினைத்ததும் முகம் சூடாகிறது, இவர்கள் யாராவது பார்த்துவிட்டார்களோ, இல்லை, எல்லோரும் மாம்பழக் கலரைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை. பெண் பார்க்க வந்தபோது நீலக் கட்டம் போட்ட சட்டை. ரெண்டாம்முறை ஜூஸ் கடையில் சந்தித்தபோதும் நீலக் கட்டம். மூன்றாம்முறையும் அதே, காலரைத் திருப்பித் தைத்திருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டாள். நல்ல சட்டைங்க, அத ஏன் விடணும் என்றான். இவள் தயங்கித் தயங்கித் தன் ரெண்டு டஜனைப் பற்றிச் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, எனக்கு அதவிடக் கம்மி, ஆனா எனக்குக் கொள்கையெல்லாம் இல்ல, கடைக்குப் போக சோம்பேறித்தனம் என்றான். அந்த இடத்தில்தான் விழுந்தாள், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. இப்படி ஒருத்தனை ஒரு புடவை விஷயத்தில் கோட்டை விட்டுவிடக்கூடாது. ஆனால் வாயை மூடிக்கொண்டு, பிடித்திருக்கிறது பிடித்திருக்கிறது என்று தலையைத் தலையை ஆட்டி ஒரு புடவையைக் கட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டி வராதா, சாம்பாருக்கு, திரைச்சீலைக்கு, பிள்ளைக்கு வைக்கிற பேருக்கு. பையில் போன் அதிர்ந்தது. கீழ்த்தளத்தில் அப்பாக்களோடு இருக்கிற அவனேதான். வேட்டி சட்டை எடுத்தாச்சு, பத்தே நிமிஷம், அங்க எப்படி என்று அனுப்பியிருந்தான். இங்க இன்னும் பச்சையே முடியல என்று பதில் அனுப்பினாள்.

போனை உள்ளே வைத்து நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தாள். சேல்ஸ்மேனின் முதுகுக்குப் பின்னால், அலமாரியின் அடித்தட்டில், யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய அடுக்கில், நீலமுமில்லாமல் பச்சையுமில்லாமல் ஒரு விளிம்பு. கை நீட்டிக் காட்டினாள். சத்தியம் வாய்க்குத்தானே, கைக்கு இல்லையே. அவர் எடுத்து உதறினார். மயில்கழுத்து. விரல் அகலத்துக்கு ஒரு சரிகைக் கரை, உடம்பில் ஒன்றுமே இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை, கையில் வாங்கினால் கனமே தெரியவில்லை. எழுந்து கண்ணாடி முன்னால் நின்று தோளில் போட்டுப் பார்த்ததும் உள்ளே ஏதோ அமைதியானது, இதுதான், வேறொன்றும் வேண்டாம். "கறுப்பால்ல அடிக்குது" என்றாள் பின்னாலிருந்து சௌந்தரம். "கறுப்பு இல்லைங்கம்மா, நெடுக்கே ஓடற பாவு நீலம், குறுக்கே ஓடற ஊடை பச்சை, ரெண்டும் சேர்ந்து அப்படித் தெரியுது. ஜன்னல்கிட்ட வந்து பாருங்க" என்றார் சேல்ஸ்மேன். சௌந்தரத்துக்கு எழுந்து வர மனமில்லை. "ஜன்னல்கிட்டயா தாலி கட்டப்போறாங்க? முகூர்த்தத்துக்குக் கறுப்பு ஒரு இழைகூட ஆகாது." அம்மா உடனே, ஆமா சம்பந்தி, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா எடுத்துப் பாக்கறா என்றாள்.  காலையிலிருந்து லோகாம்பாள் மடியில் ஒரு தாமரைப்பூ கலர் புடவை கிடக்கிறது. ஒரு முழத்துக்குச் சரிகை, முந்தானை முழுக்க அன்னம், சேல்ஸ்மேன் ரெண்டுதரம் மடிக்கக் கேட்டும் கொடுக்கவில்லை. "இதையும் இன்னொரு தடவை வெச்சுப் பாரேன்" என்று மெல்ல நீட்டினாள். பொற்கொடி வைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் விசேஷ வீட்டு வாசல் தோரணம் ஒன்று நின்றது, அதற்குமேல் தன் முகம். எப்படிம்மா இருக்கு என்று லோகாம்பாள் கேட்டாள், அந்தக் குரலில் அவ்வளவு ஆசை, வாய்வரை வந்த வார்த்தையைப் பொற்கொடி விழுங்கினாள். நல்லா இருக்குன்னு சொல்லிவிடு, ஒரு வார்த்தை, ஒரு நாள், ஒரு புடவை, உயிரா போய்விடும். போகாது. ஆனால் சொல்ல வரவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். சௌந்தரத்தின் போனில் அலாரம் அடித்தது. பத்தரை. ராகுகாலம் வந்துவிட்டது, இனி பன்னிரண்டு வரைக்கும் யாரும் எதையும் முடிவு பண்ணக்கூடாது, அத்தனை கைகளும் புடவைகளை விட்டு விலகின.

மேல் மாடியில் கடைக்காரர்கள் காபி கொடுக்கிறார்கள் என்று சௌந்தரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். சேல்ஸ்மேன் டீக்குப் போய்விட்டார். லோகாம்பாள் முட்டி வலிக்கிறது, ஏற முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள், பெரியவர்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடாதென்று பொற்கொடியும் உட்கார்ந்தாள். நடுவில் பட்டுக் குவியல். சொல்லலாமா. சொல்லாதே. சொன்னால் இந்த அம்மாவின் முகம் மாறும், மாறினால் அதைத் திருப்ப முடியாது, புதுக்கோட்டை வேன் மறுபடி கிளம்பும். சொல்லாவிட்டால் தாமரைப்பூ. தாமரைப்பூவைக் கட்டிக்கொண்டு சிரித்துப் போட்டோ எடுத்து, அதைச் சட்டம் போட்டு மாட்டி, ஆயுசுக்கும் அதைப் பார்க்க வேண்டும். எல்லாம் சரி, ஆனால் இப்போது ராகுகாலம். ராகுகாலத்தில் ஆரம்பித்தது எதுவும் விளங்காதாம், அதனால்தான் நல்லதும் செய்ய மாட்டார்கள், நல்லதை உடைக்கவும் மாட்டார்கள், சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்வதானாலும் பன்னிரண்டு ஆகட்டும் என்பார்கள். அப்படியானால் இப்போது பேசுகிற பேச்சுக்கு ஆயுசே இல்லை, சும்மா காற்று. பொற்கொடி மெத்தை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, ஒண்ணு சொல்லட்டுமா. ராகுகாலத்துல பேசறது கணக்குல வராது." லோகாம்பாள் திரும்பிப் பார்த்து, "சொல்லு" என்றாள். "தாமரைப்பூ நல்ல புடவைதான். ஆனா நான் அத அன்னைக்கு மட்டும்தான் கட்டுவேன். அப்புறம் அது பீரோல தூங்கும், வருசத்துக்கு ஒருதரம் எடுத்து மடிப்ப மாத்தி வெப்பேன். மயில்கழுத்துன்னா பிள்ளைக்குக் காது குத்தறப்பவும் கட்டுவேன், ஆபீஸ் விசேஷத்துக்கும் கட்டுவேன். நீங்க எடுத்துக் குடுத்தத நைஞ்சு பிரியற வரைக்கும் கட்டணும்னு எனக்கு ஆசை."  பக்கத்துப் பஞ்சாயத்தில் யாரோ சிரித்தார்கள். லோகாம்பாள் மடியிலிருந்த அன்னத்தை விரலால் தடவினாள், ஒரு அன்னம், அடுத்த அன்னம், போச்சு, எல்லாம் போச்சு, சிவநேசனிடம் என்ன சொல்வது, நீலக் கட்டம் போட்ட சட்டையை இனி எங்கே பார்ப்பது. "ராகுகாலந்தானே" என்றாள் லோகாம்பாள் கடைசியில். "அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். இது உனக்கு எடுப்பா இல்ல. காலைலயே தெரியும்."

பொற்கொடிக்கு முதலில் புரியவில்லை. தெரிந்துகொண்டேவா மூன்றுதரம் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். "கைய விட்டு வெக்க மனசு வரல" என்றாள் லோகாம்பாள். குரல் தணிந்திருந்தது, யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல மாடிப்படியைப் பார்த்துக்கொண்டாள். "என் முகூர்த்தப் புடவைய இப்ப மேல போனாங்களே, அந்த அண்ணிதான் எடுத்தாங்க. பாக்குக் கலர். அழுக்குத் தெரியாதுன்னு எடுத்தாங்க. முகூர்த்தத்துக்கு, அழுக்குத் தெரியாத கலர்." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "அன்னைலேருந்து இன்னைக்கு வரைக்கும் காப்பிக் கலர், பாக்குக் கலர், மண்ணு கலர்தான். இத நான் எனக்குன்னு எடுக்க முடியுமா, இந்த வயசுல தாமரைப்பூ கேக்குதான்னு சிரிப்பாங்க. உனக்குன்னு எடுத்து வெச்சா நம்ம வீட்லயே இருக்கும், அப்பப்ப எடுத்துப் பாத்துக்கலாம்னு நெனச்சேன்." பொற்கொடிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. இந்த அம்மாவைப் பார்த்தா காலையிலிருந்து நடுங்கினோம். எழுந்து, மடியிலிருந்த புடவையைப் பிரித்து, லோகாம்பாளைக் கைகொடுத்து எழுப்பிக் கண்ணாடி முன்னால் நிறுத்தித் தோளில் போட்டாள். வேண்டாம் வேண்டாம், ராகுகாலம் என்றாள் லோகாம்பாள். பாக்கத்தானே அத்தை, எடுக்கவா போறோம் என்றாள் பொற்கொடி. தோரணம் இல்லை இப்போது. அந்த அகலமான முகத்துக்கும் கறுத்த தோளுக்கும் அந்தச் சரிகை இறங்கி உட்கார்ந்த விதத்தில், நெய்தவர் இவளைப் பார்த்துவிட்டுத்தான் நெய்தாரோ என்று தோன்றியது. லோகாம்பாள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து, கொஞ்சம் குண்டாக் காட்டுதோ என்றாள்.

பன்னிரண்டு ஆனது. ராகுகாலம் கழிந்தது. அதுவரைக்கும் மேலேயே பேசிக்கொண்டிருந்த சௌந்தரமும் அம்மாவும் இறங்கி வந்தார்கள், சேல்ஸ்மேன் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார், தாமரைப்பூ பழையபடி லோகாம்பாள் மடிக்குப் போய்விட்டது. எதையாச்சும் பாத்து வெச்சீங்களா என்று சௌந்தரம் கேட்டதும் பொற்கொடி லோகாம்பாளைப் பார்த்தாள். கணக்கில் வராது என்று சொன்னதே இவள்தானே. வராது என்று லோகாம்பாளும் எடுத்துக்கொண்டால்? அந்தச் சிரிப்பு, அந்தக் கண்ணாடி, அந்தப் பாக்குக் கலர், எல்லாம் பேசாத பேச்சாகப் போய்விட்டால்? அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள், சத்தியம் மறுபடி அமலுக்கு வந்துவிட்டது, இனி இவள் வாயைத் திறக்க முடியாது. லோகாம்பாள் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். பச்சை வந்தது, ஒதுக்கினாள். மாம்பழம் வந்தது, ஒதுக்கினாள்.  மயில்கழுத்து வந்தது. அதை எடுத்து, கண்ணில் ஒற்றி, சேல்ஸ்மேனிடம் நீட்டி, "முகூர்த்தத்துக்கு இது" என்றாள். "லோகு, அது கறுப்பு" என்றாள் சௌந்தரம். "ஜன்னல்கிட்ட போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணி" என்றாள் லோகாம்பாள், சத்தமே இல்லாமல், தண்ணீர் வேணுமா என்று கேட்கிற மாதிரி. பிறகு மடியிலிருந்ததை எடுத்து அதன்மேல் வைத்தாள். "இது எனக்கு." அம்மா திறந்த வாயை மூடவில்லை. சேல்ஸ்மேன் பில் போடுகிற பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார். சௌந்தரம் மயில்கழுத்தைப் பார்த்தாள், தாமரைப்பூவைப் பார்த்தாள், கடைசியில் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். "உனக்கா? கல்யாணப் பொண்ணு அமரிக்கையா நிக்கறப்ப நீ இப்படி ஜொலிச்சுக்கிட்டு வந்தா ஜனங்க என்ன சொல்லும்?"

"மாப்பிள்ளையோட அம்மா யாருன்னு யாரும் கேக்க வேண்டியிருக்காது, அண்ணி" என்றாள் லோகாம்பாள்.